அக்சென்ட் பவர் ஸ்டீயரிங் முனகுகிறது: சிவப்பு ஆயிலா, பிஎஸ்எஃப் 3-ஆ?

பதிவு 1 | தக்கலைக்காரன் | ஞாயிறு காலை 9.12

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன்.

வண்டி 2007 ஹூண்டாய் அக்சென்ட், பெட்ரோல். அப்பா வாங்கியது. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபிறகு என் கைக்கு வந்தது. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்து வீட்டு முடுக்கிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது, கட்டிப்போட்ட கன்று முனகுகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்பக் கூடும், நேராக்கினால் குறையும். பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரல் கீழே கிடந்தது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெரிய கேனிலிருந்து சிவப்பு ஆயில் கொஞ்சம் ஊற்றினார்கள். சத்தம் நின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே முனகல், அதே ஒரு விரல் குறைவு. இப்போது 'ரேக் (ஸ்டீயரிங் திரும்பும்போது முன்சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு) போயிருக்கிறது, 18,000 ஆகும்' என்கிறார்கள். வண்டியை விற்றாலே அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியவில்லை!

டப்பா மூடியில் 'பிஎஸ்எஃப் 3 மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது (பிஎஸ்எஃப் என்றால் பவர் ஸ்டீயரிங் ஃப்ளூயிட்). நாகர்கோவிலில் மூன்று கடை ஏறினேன். ஒருவர் 'எல்லாம் ஒன்றுதான்' என்றார், ஒருவர் பிஎஸ்எஃப் 4 எடுத்துக் கொடுத்து 'இது புதுசு, இன்னும் நல்லது' என்றார், மூன்றாமவர் 'எந்தக் கம்பெனி வேண்டும்' என்று என்னையே கேட்டார். எதை வாங்குவது? முழுசாக மாற்றவேண்டுமா, ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?

பதிவு 2 | வடசேரி ஸ்பானர் | ஞாயிறு காலை 10.05

மூடியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனீர்கள் பாருங்கள், அதற்கே பாதி மார்க் போடலாம்.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளுங்கள். என்ஜின் ஆயில் ஓடஓடக் கொஞ்சம் எரிந்து குறையும். பவர் ஸ்டீயரிங் ஆயில் அப்படி இல்லை. டப்பா, பம்ப், ரேக், திரும்பவும் டப்பா என்று ஒரே வட்டத்துக்குள் சுற்றுகிறது. எரிவதற்கு அங்கே இடமே கிடையாது. மூன்று வாரத்தில் ஒரு விரல் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அவ்வளவுதான். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் என்ன ஆயில் என்று கேட்பது, பொத்தல் வாளிக்குக் குளத்து வெள்ளமா (தண்ணீரா) கிணற்று வெள்ளமா என்று கேட்பது மாதிரி.

நான்கு விஷயம் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஒன்று, என்ஜின் ஓடும்போது டப்பாவுக்குள் நுரை தெரிகிறதா. இரண்டு, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால் என்ன நிறம், கருகிய வாடை இருக்கிறதா. மூன்று, முன்சக்கரத்துக்கு உள்ளே ரேக்கின் இரண்டு முனையிலும் துருத்தி மாதிரி ஒரு ரப்பர் உறை இருக்கும். அதை அமுக்கிப் பாருங்கள், ஆயில் தளும்புகிறதா. ரேக் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருந்தால் முதலில் அங்கேதான் வந்து தேங்கும். உறை காய்ந்து கிடந்தால் 18,000 பேச்சை இப்போதைக்கு மறந்துவிடலாம். நான்கு, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். சொட்டு எந்த இடத்துக்கு நேராக விழுகிறது என்று காலையில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் தடித்த ஹோஸில் விரலை வைத்துத் தடவி லீக் தேடாதீர்கள். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம். அழுத்தித் திருப்பும்போது அந்த ஹோஸில் 60, 70 பார் வரும். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சினால் தோலுக்குள் ஏறிவிடும்.

பதிவு 3 | ஆரல்வாய் டிரைவர் | ஞாயிறு பகல் 12.40

தம்பி, இருபது வருஷமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். குவாலிஸ், டவேரா, இப்போது இன்னோவா. எல்லாவற்றுக்கும் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஒரே கேன்தான். மச்சினனின் பழைய ஸ்கோடாவுக்கும் போன வருஷம் அதே கேனிலிருந்துதான் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பெயரெல்லாம் கம்பெனிக்காரன் காசு பார்க்கக் கண்டுபிடித்தது. சிவப்பாக இருந்தால் ஊற்று, ஓட்டு.

பதிவு 4 | வடசேரி ஸ்பானர் | ஞாயிறு பகல் 1.15

அண்ணாச்சி, இன்னோவாவின் கையேட்டைத் திறந்து பார்த்தால் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப் என்றே போட்டிருக்கும். நீங்கள் சரியான ஆயிலைத்தான் ஊற்றியிருக்கிறீர்கள். அது அந்த வண்டி கேட்ட ஆயில். எல்லா வண்டியும் அதைத்தான் கேட்கும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஹோண்டாவை எடுங்கள். 2003-க்கு முந்தைய பழைய சிட்டியில் ஆயில் ஸ்டீயரிங். ஹோண்டா தன் சொந்த ஆயிலைத்தான் ஊற்றச் சொல்கிறது, ஏடிஎஃப் ஊற்றினால் ஸ்டீயரிங் கெடும் என்று எச்சரிக்கிறது. முதல் ஆக்டேவியா காலத்து ஸ்கோடாக்களில் பச்சை ஆயில். ஜி 002 000 என்று எண் போட்டு வரும் ஹைட்ராலிக் ஆயில் அது, சிவப்பு ஏடிஎஃப் இனமே இல்லை. மச்சினன் வண்டி எந்த வருஷ ஸ்கோடா?

நிறத்தை நம்பவே கூடாது. சிவப்பு என்பது கம்பெனி கலக்கும் சாயம். லீக் எங்கே என்று கண்டுபிடிக்கவும் என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்துப் பார்க்கவும்தான் அது உதவும். கோயில் திருவிழாவில் ரோஸ் மில்க்கும் சிவப்புதான், அதற்காக ஊற்றுவோமா?

டெக்ஸ்ரான் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஜெனரல் மோட்டார்ஸின் பெயர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காக வந்த தரம். 2005-ல் டெக்ஸ்ரான் 6 வந்தபிறகு, டெக்ஸ்ரான் 3-க்கு அவர்கள் உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குக் கடையில் 'டி 3 வகை' என்று இருப்பதெல்லாம் ஆயில் கம்பெனியே தன் பொறுப்பில் எழுதுவது. அதனால் ஊர் பேர் தெரியாத லூஸ் கேனைவிட, பெயருள்ள கம்பெனியின் சீல் உடைக்காத புட்டி மேல்.

பதிவு 5 | குழித்துறைப் புதுசு | ஞாயிறு மாலை 4.30

நடுவில் வந்ததற்கு மன்னிக்கணும். இதைப் படித்துவிட்டு நானும் பார்க்கலாம் என்று என் 2012 ஸ்விஃப்ட் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து ஒரு மணிநேரமாகத் தேடுகிறேன். வாஷர் வெள்ளம் ஊற்றும் டப்பா இருக்கிறது, கூலண்ட் இருக்கிறது, பிரேக் ஆயில் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் டப்பாவைக் காணோம். யாராவது கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா?

பதிவு 6 | ரப்பர்பால் | ஞாயிறு மாலை 4.52

யாரும் திருடவில்லை. உங்கள் வண்டியில் ஆயிலே கிடையாது. இந்தியாவுக்கு 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட்டிலிருந்தே எலக்ட்ரிக் ஸ்டீயரிங். மோட்டார்தான் தள்ளிக் கொடுக்கிறது. பானெட்டை மூடிவிட்டுப் போய் டீ குடியுங்கள்.

இப்போது வரும் சின்னக் கார் எல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆயில் உள்ளவை பழைய கார்களும் பொலீரோ, பழைய ஸ்கார்பியோ, பழைய இன்னோவா மாதிரி கனத்த வண்டிகளும். வேறு எந்த டப்பாவையாவது இதுதான் என்று நினைத்து எதையாவது ஊற்றாமல் கேட்டீர்களே, அதுவே பெரிய புண்ணியம்.

பதிவு 7 | முட்டத்து உப்பு | ஞாயிறு இரவு 8.20

கடலோரத்துக்காரர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். என் பொலீரோவில் ஆறு மாதம் இதே கதை. ஊற்றுவேன், குறையும், ஊற்றுவேன், குறையும். ஹோஸ் புதுசு, கிளிப் புதுசு. கடைசியில் பார்த்தால் முன்பக்கம் போகும் இரும்புக் குழாய், அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கு அடியில் துருப்பிடித்துப் பொடிந்திருந்தது. மேலே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும். பிராக்கெட்டைக் கழற்றினால்தான் தெரியும். உப்புக்காற்றும் மணலும் அந்த இடுக்கில் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நல்ல வெள்ளத்தில் அடிப்பக்கத்தைக் கழுவி, காய்ந்தபிறகு குழாய் பிராக்கெட்டுகளில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வள்ளத்து என்ஜினுக்குச் செய்கிற பணிவிடையில் கால்வாசி காருக்குச் செய்தால் போதும்.

பதிவு 8 | தக்கலைக்காரன் | திங்கள் காலை 7.30

ஸ்பானர் அண்ணன் கேட்டதைப் பார்த்துவிட்டேன்.

நுரை இருக்கிறது. ஓடும்போது ஆயில் சிவப்பாகவே இல்லை, ரோஸ் நிறத்தில் சோப்பு நுரை மாதிரி. அணைத்து அரைமணி நேரம் விட்டால் நுரை அடங்கி அடர்ந்த பழுப்பாகிறது. துணியில் விட்ட சொட்டு பழுப்பு, நடுவில் கறுப்புப் பொடி. கருகிய வாடை லேசாக. ரேக் உறை இரண்டும் காய்ந்து கிடக்கிறது, அமுக்கினால் காற்றுதான் வருகிறது. அட்டையில் காலையில் இரண்டே இரண்டு சொட்டு. டப்பாவுக்கு நேர் கீழே.

பதிவு 9 | வடசேரி ஸ்பானர் | திங்கள் காலை 8.10

ரேக்கை மறந்துவிடுங்கள். டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் ஹோஸ்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அந்த ஹோஸில் நடப்பதைச் சொல்கிறேன். வண்டி நிற்கும்போது டப்பாவில் உள்ள ஆயில் தன் கனத்தால் அதில் இறங்கி நிற்கும், கிளிப் தளர்ந்திருந்தால் மெதுவாகக் கசிந்து சொட்டும். என்ஜின் ஓடும்போதோ பம்ப் உறிஞ்சுகிறது. அப்போது அதே இடுக்கு வழியாக ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அந்தக் காற்றுதான் நுரை. நுரையைப் பம்ப் அரைக்கும் சத்தம்தான் உங்கள் கன்று முனகல். ஓடும் வண்டியில் பார்க்கிற மெக்கானிக்குக்கு அங்கே ஈரமே தெரியாது, அதனால் பழி ரேக்மேல் விழுகிறது. உங்கள் ஒர்க்‌ஷாப் ஏமாற்றியது என்று சொல்லமாட்டேன், பார்க்கவேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை.

அணைத்தபிறகு நுரை அடங்குகிறது என்றீர்களே, அதுவும் நல்ல சேதி. காற்றாக இருந்தால் அடங்கும். தண்ணீர் கலந்திருந்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் பால் மாதிரியே நிற்கும்.

பழைய ரப்பர் ஹோஸின் முனை கல்லாய் இறுகி, கிளிப்பின் பிடிக்கு அடங்காமல் போயிருக்கும். வெறும் கிளிப்பை மட்டும் மாற்றாதீர்கள். ஹோஸையும் மாற்றுங்கள். கேட்கும்போது 'பவர் ஸ்டீயரிங் உறிஞ்சு ஹோஸ், ஆயில் தாங்குவது' என்று கேளுங்கள். ரேடியேட்டர் ஹோஸிலிருந்து வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது கூலண்டுக்குச் செய்த ரப்பர், ஆயிலில் ஊறி உப்பிப் போகும்.

பதிவு 10 | கொல்லங்கோட்டான் | திங்கள் காலை 11.00

இந்த ரப்பர் ஊறும் விஷயத்தில் என் கதையையும் கேளுங்கள், சிரிக்கக்கூடாது.

பழைய ஃபோர்டு ஐகான் வைத்திருந்தேன். ஒருநாள் அவசரமாகக் கல்யாணத்துக்குப் போகணும், பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைவு, வீட்டில் பிரேக் ஆயில் அரைப் புட்டி இருந்தது. இரண்டும் ஆயில்தானே என்று ஊற்றிவிட்டேன். கல்யாணத்துக்குப் போனேன், வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஸ்டீயரிங் ஒரு பக்கம் கனத்தது, பிறகு பம்ப் ஒழுகியது, பிறகு ரேக். சீல் எல்லாம் ஊறிய சக்கைக்கொட்டை மாதிரி வீங்கிப்போய் இருந்தது. கழற்றிய மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

பதிவு 11 | வடசேரி ஸ்பானர் | திங்கள் காலை 11.25

சிரிக்கவில்லை. பெயரில்தான் பிரேக் 'ஆயில்', உள்ளே இருப்பது எண்ணெயே இல்லை, கிளைக்கால் என்ற ரசாயன வகை. பவர் ஸ்டீயரிங் சீல் நைட்ரைல் ரப்பர், அதற்குக் கிளைக்கால் ஆகாது. மறுபக்கமும் அப்படியே. பிரேக் டப்பாவுக்குள் ஏடிஎஃப் ஒரு சொட்டு போனாலும் அங்கே உள்ள ரப்பர் வீங்கிவிடும், அது இதைவிட ஆபத்து. இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில் புனலைக்கூட மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

பதிவு 12 | தக்கலைக்காரன் | திங்கள் மாலை 6.45

ஹோஸ் மார்த்தாண்டத்தில் கிடைத்தது, கிளிப் இரண்டும் வாங்கிவிட்டேன். ஆயிலுக்கு வருகிறேன். சிவப்பு ஏற்கெனவே கலந்துவிட்டதே, சீல் போயிருக்குமா? பிஎஸ்எஃப் 4 வாங்கலாமா? அப்புறம், யூடியூபில் ஒருவர் பெரிய ஊசியால் டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினால் போதும் என்கிறார். சரியா?

பதிவு 13 | ரப்பர்பால் | திங்கள் இரவு 7.30

ஊசி முறை சரிதான், ஒருமுறையோடு நிறுத்தினால் ஏமாற்றம்தான். கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தம் சுமார் 1 லிட்டர் இருக்கிறது, டப்பாவிலிருந்து 300 மில்லிதான் வரும் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை மாற்றிச் சுற்றவிட்டால் பழசு 70 சதவீதம். இரண்டாவது தடவை 49. மூன்றாவது 34. நான்காவது 24. ஐந்தாவது முடிந்தும் 17 சதவீதம் பழசு உள்ளேதான். அதற்குள் ஒன்றரை லிட்டர் புதுசு தீர்ந்திருக்கும். வெள்ளம் கலந்துவிட்ட பால் பாத்திரத்தை அரைகுறையாகக் கொட்டிக் கொட்டிப் புதுப் பாலால் நிரப்புகிற வேலை இது.

கையில் கருவி இல்லாதவர்களுக்கு, ஆயில் ரொம்பக் கெடாத வண்டிக்கு, வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். இவருடையதில் கறுப்புப் பொடி இருக்கிறது. எப்படியும் ஹோஸைக் கழற்றப் போகிறார். அதனால் முழுசாகவே வெளியேற்றுவது நல்லது.

பதிவு 14 | வடசேரி ஸ்பானர் | திங்கள் இரவு 9.50

கலந்த சிவப்புக்காகத் தூக்கம் கெடவேண்டாம். பிஎஸ்எஃப் 3 கனிம எண்ணெய் வகை, ஏடிஎஃப் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு. பல ஏடிஎஃப் புட்டியின் பின்பக்கத்தில் பிஎஸ்எஃப் 3-க்கும் பொருந்தும் என்று அச்சடித்தே இருக்கும். அவசரத்துக்கு ஊற்றியதால் எதுவும் கெட்டிருக்காது. ஆனால் முழுசாக மாற்றும்போது மூடி கேட்பதையே கொடுங்கள். பிஎஸ்எஃப் 4 பின்னால் வந்த வண்டிகளுக்கான வேறு வகை. எண் கூடினால் தரம் கூடும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, அது செருப்பு சைஸ் மாதிரி.

எந்தக் கம்பெனி என்று கேட்டால், ஹூண்டாய் ஒரிஜினல் உதிரிபாகம் விற்கும் கடையில் பிஎஸ்எஃப் 3 என்று புட்டியிலேயே எழுதியிருப்பது. 2 லிட்டர் வாங்குங்கள். கழுவி வெளியேற்றவே ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும்.

இனி வேலை. என் முற்றத்தில் நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

வண்டி ஆறியிருக்கட்டும். முன்பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பவேண்டும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். செங்கல், வெட்டுகல் அடுக்கி அதன்மேல் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், வெட்டுகல் சொல்லாமல் பிளக்கும். பின்சக்கரத்துக்கு முட்டு, கைபிரேக் இழுத்துவிடுங்கள்.

முதலில் ஊசியால் டப்பாவைக் காலி செய்யுங்கள். உறிஞ்சு ஹோஸைக் கழற்றிப் புதிதை மாட்டிக் கிளிப் இறுக்குங்கள். இந்தச் சமயத்தில் டப்பாவையும் கழற்றி அடியில் பாருங்கள். பல வண்டிகளில் சன்னமான வலை ஒன்று உண்டு. அது சேறுபிடித்து அடைத்தாலும் பம்புக்கு ஆயில் போதாமல் இதே முனகல்தான் வரும். கழுவிப் போகவில்லை என்றால் டப்பாவையே மாற்றவேண்டும்.

அடுத்து, ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸ். இது சாதாரணக் கிளிப் போட்ட மெல்லிய ஹோஸ். பெரிய நட்டு போட்டிருப்பது அழுத்தக் குழாய், அதைத் தொடவேண்டாம். திரும்பும் ஹோஸை டப்பாவிலிருந்து உருவி, அதன் முனையை ஒரு காலிக் குடிநீர்ப் புட்டிக்குள் விடுங்கள். டப்பாவில் அது இருந்த துளையை ஒரு ரப்பர் மூடியால் அடையுங்கள், மறந்தால் ஊற்றுவது எல்லாம் தரையில்.

டப்பாவைப் புது ஆயிலால் நிரப்புங்கள். சாவியை ஒரு கட்டம் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் ஸ்டார்ட் செய்யவேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பைய திருப்பட்டும். மற்றவர் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். புட்டிக்குள் பழுப்பு வரும், பிறகு தெளியும். தெளிந்தால் நிறுத்துங்கள்.

ஹோஸைத் திரும்ப மாட்டி, கோடுவரை நிரப்பி, என்ஜின் அணைந்தபடியே இன்னும் இருபது தடவை முனைக்கு முனை. டப்பாவில் குமிழி நிற்கும்வரை இதுதான் வேலை. பலர் பொறுமை இழப்பது இங்கேதான். பிறகு ஸ்டார்ட் செய்து, அதேபோல் சில தடவை. முனையில் 5 விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தாதீர்கள். அங்கே ஆயில் போக வழியில்லாமல் பம்பின் அழுத்த வால்வைத் திறந்துகொண்டு உள்ளுக்குள்ளேயே சுற்றும், நிமிஷத்தில் கொதிக்கும். கீழே இறக்கி, ஒரு சுற்று ஓட்டி வந்து அளவு பாருங்கள். ஆறிய வண்டிக்கு ஒரு கோடு, சூடான வண்டிக்கு ஒரு கோடு என்று இருந்தால் அதன்படி. கோட்டைத் தாண்டி ஊற்றினால் சூட்டில் விரிந்து மூடி வழியாகக் கக்கும்.

பதிவு 15 | ஆரல்வாய் டிரைவர் | செவ்வாய் காலை 6.15

முனையில் பிடிக்காதே என்பது நூற்றுக்கு நூறு. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தன்றைக்கும், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் சவாரி போனால் பார்க்கணும். ஒரு சாண் இடத்தில் வண்டியைச் செருக, நின்ற நிற்பில் ஸ்டீயரிங்கை முறுக்கு முறுக்கென்று முறுக்குவான்கள். வண்டியைக் கொஞ்சம் உருட்டிக்கொண்டே திருப்பினால் ஸ்டீயரிங்குக்கும் நல்லது, டயருக்கும் நல்லது. இதை யூடியூபில் எவனும் சொல்லமாட்டான்.

பதிவு 16 | கீரிப்பாறை | செவ்வாய் பகல் 2.00

பால் மாதிரி நிற்கும் என்று ஸ்பானர் சொன்னதற்கு நான் சாட்சி. 2021 நவம்பர் மழையில் என் பழைய இண்டிகா பானெட் உயரத்துக்கு வெள்ளத்தில் நின்றது. என்ஜின் ஆயில், கியர் ஆயில், எல்லாம் மாற்றினேன். இதை மட்டும் யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. டப்பா மூடியில் காற்றுக்கு ஒரு சின்ன வழி இருக்குமாம், அது வழியாக இறங்கியிருக்கிறது. நான்கு மாதத்தில் பம்புக்குள் துரு. வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருக்கிறவர்கள் மூடியைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு கேள்வி. லீக்கை நிறுத்தும் மருந்து என்று ஒரு புட்டி விற்கிறார்களே, ஊற்றலாமா?

பதிவு 17 | வடசேரி ஸ்பானர் | செவ்வாய் பகல் 3.10

அதுவும் சீலைக் கொஞ்சம் உப்பவைத்துத்தான் ஒழுகலை நிறுத்துகிறது. விற்கப் போகிற வண்டிக்கு ஊற்றுவார்கள், வைத்துக்கொள்ளப் போகிற வண்டிக்கு நான் ஊற்றமாட்டேன். ஹோஸ் லீக், துருக்குழாய் லீக் எதற்கும் அது பிரயோஜனப்படாது.

பதிவு 18 | தக்கலைக்காரன் | ஞாயிறு இரவு 7.40

முடித்துவிட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், உறிஞ்சு ஹோஸைக் கையால் இழுத்தபோதே வந்துவிட்டது, கிளிப்பைத் தளர்த்தவே இல்லை. முனை கருங்கல் மாதிரி, மேல்பக்கம் நெடுக ஒரு வெடிப்பு. டப்பா அடியில் வலை இருந்தது, கறுப்புச் சேறு. பெட்ரோல் விட்டுக் கழுவிக் காயவைத்து மாட்டினேன்.

அப்பாதான் உள்ளே உட்கார்ந்து திருப்பினார். 'எத்தனை தடவை?' என்று கேட்டார். இருபது என்றேன். பதினைந்தாவதிலேயே குமிழி நின்றுவிட்டது, ஆனால் அவர் எண்ணிக்கொண்டே இருபதையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார். ஒன்றேமுக்கால் லிட்டர் செலவானது. முதலில் ஸ்டார்ட் செய்தபோது ஐந்து நிமிடம் லேசாக முனகியது, பயந்துபோனேன். அப்புறம் நின்றுவிட்டது. இந்த வாரம் முழுக்கத் தக்கலை நாகர்கோவில் போய் வந்தேன். அட்டை காய்ந்து கிடக்கிறது, கோடு அசையவில்லை. மொத்தச் செலவு ஆயில், ஹோஸ், கிளிப் எல்லாம் சேர்த்து ரேக்குக்குக் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். பழைய ஆயில் இரண்டு புட்டி நிறைய இருக்கிறது. என்ன செய்வது?

பதிவு 19 | ரப்பர்பால் | ஞாயிறு இரவு 8.05

தோட்டத்திலோ ஓடையிலோ ஊற்றவேண்டாம், உங்கள் கிணற்றுக்கேதான் வந்து சேரும். வேஸ்ட் ஆயில் சேர்த்து விற்கும் ஒர்க்‌ஷாப் எதிலாவது கொடுத்தால் பேரலில் ஊற்றிக்கொள்வார்கள். ரேக் போச்சு என்று சொன்னவர்களிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி வருஷத்துக்கு இரண்டு தடவை அளவும் நிறமும் பார்த்தால் போதும். பல கையேடுகளில் இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று ஒன்றும் இருக்காது, 'பார்த்துக்கொள்' என்று மட்டும் இருக்கும். துணியில் கறுப்பு விழுந்தால் மாற்றுங்கள்.

பதிவு 20 | ஆரல்வாய் டிரைவர் | திங்கள் காலை 6.30

ஸ்பானர், அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டீர், நான் பதில் சொல்லவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்குப் போனேன். வண்டி 2004 ஆக்டேவியா. ஸ்டீயரிங் காலையில் கனக்கிறது என்று அவனே சொன்னான், நான் கேட்கவில்லை. புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தோம். நீர் சொன்ன அதே ஜி 002 000. டப்பாவுக்குள் பார்த்தால் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, காளான் குழம்பு நிறத்தில் என்னவோ கிடக்கிறது. யார் ஊற்றியது என்று அவன் இன்னும் கேட்கவில்லை.

பதிவு 21 | வடசேரி ஸ்பானர் | திங்கள் காலை 6.48

அவர் கேட்பதற்கு முன்னால் பச்சை ஆயில் 2 லிட்டர் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், அண்ணாச்சி. வழிமுறை பதிவு 14-ல் இருக்கிறது. இன்னொரு லிட்டர் கூடவே வாங்குங்கள், உங்களுக்கு இரண்டு தடவை கழுவ வேண்டியிருக்கும்.